மூன்று சோற்றுப் பருக்கைகள்

மாசானமுத்து தன்னைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடிய விஷயங்கள் இரண்டு. ஒன்று, அவன் பெயர். இன்னொன்று, அவன் செருப்பின் அளவு எட்டு. இரண்டாவதில் சமீபகாலமாகச் சந்தேகம் வந்திருந்தது. இடது காலுக்கு எட்டு போதவில்லை.

இப்படிப்பட்ட ஒருவனைத்தான் கல்லுப்பொத்தை தாலுகா மருத்துவமனை, குண்டடிக் காயங்களைப் பார்த்து ‘ஒப்புகிறேன்’ என்று கையெழுத்திடும் வேலையில் வைத்திருந்தது.

குண்டடி பட்டுச் சாவது அநேகமாக நின்றுபோன காலம் அது. வளர்கூழ் வந்துவிட்டது. ரத்தம் கொட்டும் ஓட்டைக்குள் அதைப் பிதுக்கினால், நசுங்கிப்போன சதையைத் தின்றுவிட்டு நல்ல சதையைப் பிடித்துக்கொள்ளும். நாற்பது நிமிடத்தில் ரத்தம் நிற்கும். பத்தாம் நாள் தோலில் தழும்புகூட இருக்காது. காடும் காட்டுப்பன்றியும் நாட்டுத் துப்பாக்கியும் பக்கத்திலேயே இருக்கும் கல்லுப்பொத்தையில் அதைத் தெய்வமாகக் கும்பிடாததுதான் பாக்கி.

ஆனால் கூழ் தின்னும் அந்த நசுங்கிய சதையில்தான், குண்டு எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் வெளியேறியது என்ற சேதியும் இருந்தது. கூழ் இரண்டையும் சேர்த்தே தின்றது. அதனால் கூழ் போடும் முன் காயத்தைப் பதிவுசெய்ய வேண்டும் என்று சட்டம் வந்தது. பதிவுசெய்ய ஒரு கருவி வந்தது. அரசாங்கம் அதற்குப் பதினொரு எழுத்தில் ஒரு பெயர் வைத்தது. ஆஸ்பத்திரியில் எல்லோரும் டார்ச் என்றார்கள். காயத்தின் மேல் வெளிச்சம் அடித்தால் நான்கு நொடியில், ‘இது நுழைவு, இது வெளியேற்றம், தொண்ணூற்றேழு சதவீதம்’ என்று சொல்லிவிடும். படத்தை வைத்துக்கொள்ளாது. முன்பு ஒரு முறை நோயாளிகளின் காயப் படங்கள் ஊரெல்லாம் கைபேசிகளில் சுற்றி, ஒரு பெண் பெரிய வழக்குப் போட்டதிலிருந்து, முடிவை மட்டும் வைத்துக்கொண்டு படத்தை அழித்துவிட வேண்டும் என்பது விதி.

ஒரு மனிதனும் பார்த்திருக்க வேண்டுமே என்று யாரோ நீதிபதி கேட்டாராம். அந்த மனிதன்தான் மாசானமுத்து. டார்ச்சின் பின்புறம் இரண்டு பொத்தான்கள் இருக்கும். ஒப்புகிறேன். ஒப்பவில்லை. குறிப்பு எழுத இடம் கிடையாது.

‘ஒப்பவில்லை’ என்று அமுக்கினால் கூழ்ப் பெட்டி பூட்டிக்கொள்ளும். மாவட்டத்திலிருந்து தடயவியல் டாக்டர் ஜீப்பில் வரும்வரை, இரண்டு மணி நேரம், நோயாளி பஞ்சை அடைத்துக்கொண்டு கிடக்க வேண்டும். ஒன்றரை வருடத்தில் மாசானமுத்து பார்த்த நாற்பது காயங்களில் மூன்று முறை அப்படி அமுக்கியிருக்கிறான். முதல் முறை, ஈயக் குண்டு என்று டார்ச் சொன்னதை நாய்க்கடியாக இருக்கலாம் என்று சந்தேகித்தான். மறுநாள் ஈயக் குண்டே வெளியே வந்தது. இரண்டாம் முறை நுழைவையும் வெளியேற்றத்தையும் மாற்றி நினைத்தான். மூன்றாம் முறை விரல் வழுக்கிவிட்டது. காரணம் கேட்டபோது வழுக்கிவிட்டது என்று சொல்ல வெட்கப்பட்டு, ஒரு பக்கத்துக்குக் காரணம் எழுதிக் கொடுத்தான். தடயவியல் டாக்டர் அதைப் படித்துவிட்டு, “தம்பி, நீங்க கதை எழுதலாமே” என்றார். அதைப் பாராட்டு என்று எண்ணி இரண்டு நாள் சந்தோஷமாகவும் இருந்தான்.

வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் மாலை வகுப்பில் சான்றிதழ் வாங்க வேண்டும். பஞ்சாயத்துப் பள்ளியின் மாடியில் ஆறு மணி முதல் எட்டு வரை வகுப்பு. நடத்தியவர் சிவனணைந்த பெருமாள். முப்பது வருடம் கோர்ட்டில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மாணவர்கள் தினமும் நாட்குறிப்பு எழுத வேண்டும். பக்கத்தின் நடுவில் கோடு. இடது பக்கம் ‘கண்டது’, வலது பக்கம் ‘கருதியது’. மாசானமுத்துவின் இடது பக்கம் நிரம்பி வழியும். வலது பக்கத்தில் கேள்விக்குறிகள் மட்டும் வரிசையாக நிற்கும். பெருமாள் சார் சிவப்பு மையால் ஒவ்வொரு பக்கத்திலும், ‘முடிவெடு’ என்று எழுதி, தேதி போட்டு, மணி போட்டு, முத்திரை குத்திக் கொடுப்பார். கோர்ட் பழக்கம்.

ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்குக் குத்தாலிங்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மலையடிவாரத்தில் எலுமிச்சைத் தோட்டம் வைத்திருப்பவர், நாற்பத்து நாலு வயது. காணாமல் போன கிடேரியைத் தேடிக் காட்டுக்குள் போன இடத்தில், வனக்காவலர் ஒருவர் சுட்டுவிட்டார். குண்டு இடுப்புக்கு மேல் இடது பக்கச் சதையைத் துளைத்துப் போயிருந்தது. முதுகுப் பக்கம் ஒன்று, வயிற்றுப் பக்கம் ஒன்று.

நர்ஸ் கத்தரியை எடுத்து, அவர் இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்த அகலமான பச்சை பெல்ட்டை வெட்டி எறிந்தாள். முதுகில் குறுக்காகக் கட்டியிருந்த துணிப்பையையும் வெட்டினாள். உள்ளே ஒரு தூக்குவாளி. இரண்டு பக்கமும் ஓட்டை. புளிச்சோறு ரத்தத்தோடு கலந்து வழிந்தது.

டார்ச் வெளிச்சம் அடித்தது. முன்புறம் நுழைவு, பின்புறம் வெளியேற்றம், தொண்ணூற்றாறு சதவீதம்.

மாசானமுத்து குனிந்து பார்த்தான். முன்புற ஓட்டை சின்னதாக, வட்டமாக, சுற்றிலும் சிராய்ப்போடு இருந்தது. பின்புறம் பெரியதாகக் கிழிந்திருந்தது. புத்தகத்தில் உள்ளபடிதான். ஆனால் அந்தச் சிராய்ப்பில் ஏதோ கோடு கோடாகத் தெரிந்தது. பின்புறக் காயத்துக்குள் பழுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

“ஒரு நிமிசம் டாக்டர்” என்றான்.

“ஒரு நிமிசத்துல அவருக்குக் கால் லிட்டர் ரத்தம் போயிடும்” என்றார் டாக்டர் ஜெபராணி. “அமுக்குதீரா இல்லையா?”

குத்தாலிங்கம் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தார். “தம்பி, வலி உயிர் போவுது. எதையாவது ஒண்ண அமுக்குங்களேன்.”

மூன்று முறை ஒப்பவில்லை என்று சொல்லி மூன்று முறையும் தப்பாகிப்போனவன் நான்காவது முறை என்ன செய்வான்? இரண்டு மணி நேரம் இந்த மனிதன் துடித்துக் கிடப்பதை நினைத்தான். தடயவியல் டாக்டரின் சிரிப்பையும் நினைத்தான். எதை அதிகமாக நினைத்தான் என்பது பிற்பாடு அவனுக்கே தெரியவில்லை. ‘ஒப்புகிறேன்’ என்று அமுக்கினான். பெட்டி திறந்தது. நர்ஸ் காயத்தைக் கழுவினாள். டாக்டர் கூழைப் பிதுக்கினார்.

அன்று மாலை வகுப்புக்கு முன்னால் உட்கார்ந்து இடது பக்கத்தில் எழுதினான்: ‘முன்புற ஓட்டை பச்சை பெல்ட்டுக்கு அடியில். அளவு சட்டைப் பொத்தான். சுற்றியுள்ள சிராய்ப்பில் பெல்ட்டின் நெசவுக் கோடுகள் பதிந்துள்ளன. பின்புற ஓட்டை ஒழுங்கற்றது. அதனுள் நகக்கண் ஆழத்தில் மூன்று சோற்றுப் பருக்கைகள். மிளகளவு அலுமினியத் துணுக்கு ஒன்று. தூக்குவாளியில் இரண்டு ஓட்டை. புளிச்சோறு.’

வலது பக்கத்தில் எழுதினான்: ‘டார்ச் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். இதில் நான் எதற்கு?’

மறுநாள் நோட்டு திரும்பி வந்தபோது, சோற்றுப் பருக்கைக்கு எதிரே சிவப்பு மையில் இருந்தது: ‘சாப்பாட்டு விவரம் தேவையில்லை. ஒரு மதிப்பெண் குறைவு.’ வலது பக்கத்தில், ‘முதன்முறையாக முடிவெடுத்துள்ளீர். நன்று.’

அதற்காகவும் ஒரு நாள் சந்தோஷமாக இருந்தான்.

பத்தாம் நாள் குத்தாலிங்கம் சோதனைக்கு வந்தார், பக்கத்தில் ஒரு போலீஸ்காரரோடு. சட்டையைத் தூக்கிக் காட்டினார். வயிறு வழவழவென்று இருந்தது. முதுகும் அப்படியே.

“குண்டு பட்ட இடத்த எம் பொஞ்சாதியே தேடுதா” என்றார். “சுட்டாங்களா இல்ல சும்மா ஆஸ்பத்திரில போய்ப் படுத்துட்டு வந்தீயளான்னு கேக்கா.”

“போலீஸ் எதுக்கு அண்ணாச்சி?” என்றான் மாசானமுத்து.

போலீஸ்காரர் பதில் சொன்னார். “இவரு அருவாளோட காவலர வெட்டப் போயிருக்காரு. அவரு தற்காப்புக்குச் சுட்டிருக்காரு. ஏழு வருசம் கெடைக்கும். குண்டு முன்னாலதான் பாஞ்சிருக்குன்னு நீங்கதான கையெழுத்துப் போட்டிருக்கீய. கேஸே அதான்.”

“நான் ஓடிட்டுல்லா இருந்தேன்” என்றார் குத்தாலிங்கம். “பொதருக்கு அந்தப் பக்கம் யாரோ கத்துத சத்தம் கேட்டது. காட்டுக்குள்ள வந்ததுக்குப் புடிச்சிருவாங்கன்னு ஓடினேன். அம்புட்டுதான் தெரியும்.” சட்டைக்குள் கைவிட்டு வயிற்றைத் தடவிப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், “ஆனா மெசினே முன்னாலன்னு சொல்லுதுன்னா, ஒருவேள நான் திரும்பினேனோ என்னவோ. இப்பம் எனக்கே வெளங்கல தம்பி. அருவா கையில இருந்தது வாஸ்தவம்தான்” என்றார்.

மாசானமுத்துவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சுடப்பட்ட மனிதனே தன் முதுகைச் சந்தேகிக்கத் தொடங்கியிருந்தார். சந்தேகப்படுவது என்பது இத்தனை நாள் தனக்கு மட்டும் உள்ள வியாதி என்று அவன் நினைத்திருந்தான். அது தன் கையெழுத்து வழியாக ஒட்டிக்கொள்ளும் என்று தெரியாது.

ஜெபராணி டாக்டரிடம் போய் நோட்டில் எழுதியிருந்ததை வாய்ப்பாடு போல ஒப்பித்தான். தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“நெசவுக் கோடா? நல்லாப் பாத்தீரா?”

“பாத்தேன்னு எழுதியிருக்கேன் டாக்டர்.”

“குண்டு வெளிய வரும்போது தோல் பிதுங்கிக் கிழியும். அதான் பெருசா இருக்கும். ஆனா தோலுக்கு வெளிய இறுக்கமா ஏதாவது இருந்தா, சுவரோ, பெல்ட்டோ, தோல் அதுல மோதித் தேயும். கிழியாது. சின்னதா, வட்டமா, சிராய்ப்போட இருக்கும். உள்ள போன ஓட்டை மாதிரியே. அத வச்சு ஏமாறாத டாக்டரே கெடையாது.”

“அப்ப பின்னால பெருசா இருந்தது?”

“முதல்ல தூக்குவாளியத் தொளச்சிருக்கு. நசுங்கி, பொரண்டுக்கிட்டே முதுகுல ஏறியிருக்கு. போற வழியில சோத்தையும் சேத்து உள்ள தள்ளியிருக்கு. முன்னாலேருந்து வந்திருந்தா சோறு வெளியதானவே செதறும்?” டாக்டர் நெற்றியைத் தேய்த்தார். “டார்ச்ச பட்டாளத்துக் காயத்த வச்சுப் பழக்கினாங்க. பட்டாளத்துல எவன் பச்சை பெல்ட்டும் தூக்குவாளியும் கட்டுதான்?”

“அப்ப நீங்க சொன்னா விட்டுருவாங்களா?”

“நான் கூழ் போட்டவ. கழுவினது எங்க நர்ஸ். நான் பாக்கவே இல்லையே. பெல்ட்டும் தூக்குவாளியும் அன்னைக்கே குப்பைக்குப் போயாச்சு. நீரு மட்டும்தான் குனிஞ்சு பாத்தீரு. கையெழுத்துப் போட்டவரே வந்து தப்புன்னு சொன்னாத்தான் பதிவு செல்லாது. சொன்னா உம்ம சான்றிதழ் போயிடும். வேலையும் சேர்ந்து போவும். யோசிச்சுக்கிடும்.”

யோசிப்பதில் மாசானமுத்துவுக்கு அனுபவம் உண்டு. மூன்று நாள் யோசித்தான். தான் பார்த்ததுதான் தப்போ என்று ஒரு நாள். அது சோறில்லை, உப்புமா ரவையாக இருந்திருக்குமோ என்று ஒரு நாள். மூன்றாம் நாள் தன் கைப்பட எழுதியிருந்ததை நினைத்துப் பார்த்தான். ‘நகக்கண் ஆழத்தில்’ என்று எழுதியிருந்தான். இல்லாத ஒன்றுக்கு ஆழம் எழுதும் அளவுக்குத் தனக்குத் திறமை கிடையாது என்பதில் மட்டும் அவனுக்குச் சந்தேகம் வரவில்லை.

நோட்டு வகுப்பறை பீரோவில் இருந்தது. பெருமாள் சார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

“கோர்ட்டுல வாசிப்பாங்களோ?”

“வாசிப்பாங்க சார்.”

“செவப்பு மையயுமா?”

“எல்லாத்தையும் சார்.”

“முப்பது வருசம் அதே கோர்ட்டுல இருந்தேன்வே. எல்லாருக்கும் என்னத் தெரியும்” என்றார் சார். “சாப்பாட்டு விவரம்னு எழுதித் தொலச்சிருக்கேன். கொஞ்சம் வெள்ளை மை தடவிட்டா…” என்று தொடங்கி, தான் என்ன சொல்கிறோம் என்று உணர்ந்து, பீரோவைத் திறந்துவிட்டார்.

கோர்ட்டில் மாசானமுத்து கூண்டில் ஏறும்போது படி தடுக்கியது. அரசு வக்கீல் அதையே நல்ல தொடக்கமாக எடுத்துக்கொண்டார்.

“அந்தக் கையெழுத்து உங்களதுதானா?”

“ஆமா. ஆனா தப்பா போட்டுட்டேன்.”

“இதுக்கு முன்னால எத்தன தடவ தப்பா முடிவெடுத்திருக்கீங்க?”

“மூணு சார். இதோட நாலு.”

“நாப்பத்தோரு காயத்துல நாலு. இப்ப சொல்றது அஞ்சாவது தப்பா இருக்காதுன்னு என்ன நிச்சயம்?”

நீதிபதி அம்மாள் பேனாவை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார். குத்தாலிங்கம் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“நிச்சயம் ஒண்ணும் இல்ல” என்றான் மாசானமுத்து. “நான் நினைக்கிறத நம்ப வேண்டாம்மா. வலது பக்கத்த விட்டுருங்க. இடது பக்கத்த மட்டும் வாசிங்க. அதுல நான் நினைச்சது ஒண்ணும் கெடையாது. பாத்தது மட்டும்தான்.”

“அந்த நோட்ட நேத்து ராத்திரிகூட உக்காந்து எழுதியிருக்கலாமே?” என்றார் வக்கீல்.

நோட்டு மேலே போனது. நீதிபதி அம்மாள் வாசித்தார். நெசவுக் கோடு வரை மௌனமாக வாசித்தவர், சிவப்பு மைக்கு வந்ததும் கொஞ்சம் சத்தமாகவே வாசித்துவிட்டார். “சாப்பாட்டு விவரம் தேவையில்லை. ஒரு மதிப்பெண் குறைவு.” கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. அவர் தொடர்ந்து, “தேதி, சம்பவத்துக்கு மறுநாள். காலை மணி ஒன்பது பத்து. முத்திரை. இது யாருடைய கையெழுத்து?” என்றார்.

பின் பெஞ்சிலிருந்து சிவனணைந்த பெருமாள் எழுந்து நின்றார். முப்பது வருடம் மற்றவர்களைக் கூப்பிட்ட அதே கோர்ட்டில், குனிந்த தலையோடு, “என்னுதுதாம்மா” என்றார். வாசித்துக் கேட்கும்போது அந்த எழுத்து இன்னும் மோசமாக இருந்தது. ஆனால் அந்த எழுத்து மட்டும் இல்லையென்றால் மூன்று பருக்கைகளும் நேற்று சமைத்தவை என்று ஆகியிருக்கும். தான் குறைத்த ஒரு மதிப்பெண்தான் அந்தப் பக்கத்துக்குச் சாட்சி என்று சாருக்குப் புரிந்தது. உட்காரும்போது முகத்தில் பெருமையா வெட்கமா என்று சொல்ல முடியவில்லை.

பிறகு ஜெபராணி டாக்டர் பெல்ட்டைப் பற்றி விளக்கினார். சாயங்காலத்துக்குள் டார்ச்சின் பதிவு செல்லாது என்றாயிற்று. அடுத்த வாரம் குத்தாலிங்கத்தை விடுவித்தார்கள்.

சாட்சி சொன்ன அன்றே கோர்ட் வராந்தாவில் ஒருவன் மாசானமுத்துவின் அருகில் வந்து நின்றான். குத்தாலிங்கத்தைச் சுட்ட வனக்காவலர் செல்வின். இருபத்து மூன்று வயதிருக்கும். சீருடை இல்லாமல் வந்திருந்தான்.

“மொதல் நாள் நான் எழுதிக் கொடுத்தது வேற அண்ணே” என்றான். “பொதரு அசைஞ்சுது. கத்திப் பாத்தேன். கரடின்னு நினைச்சுச் சுட்டேன். அப்படித்தான் எழுதினேன். மறுநாள் எங்க அதிகாரி வந்து, மெசின் முன்னாலன்னு சொல்லியிருக்கு, அப்ப அவன் உன்ன வெட்டத்தானல வந்திருப்பான், கரடின்னு எழுதி ஏன் வேலையக் கெடுத்துக்கிடுதன்னு கேட்டாரு. மாத்தி எழுதினேன்.”

மாசானமுத்து அவன் பக்கம் திரும்பினான்.

“நான் பொய் சொன்னேன்னு நினைப்பீய. மொதல்ல பொய்யாத்தான் இருந்தது. ஒரு வாரம் கழிச்சு அவரு அருவாளோட வாரது எனக்குக் கனவுல வந்துட்டு. அவரு மூஞ்சிகூடத் தெரிஞ்சுது. நான் அந்த மூஞ்சியப் பாத்ததே இல்லண்ணே, இன்னைக்குக் கோர்ட்டுலதான் பாத்தேன்.”

டார்ச் நான்கு நொடிதான் வெளிச்சம் அடித்திருந்தது. அதற்குள் சுட்டவன், சுடப்பட்டவர், கையெழுத்திட்டவன் என மூன்று பேரை நம்பவைத்துவிட்டது. மூவரில் காயத்தை நேரில் பார்த்த ஒரே ஆள் தான்தான் என்பதை நினைத்தபோது, செல்வின் மேல் கோபப்பட அவனுக்கு மனம் வரவில்லை.

மாசானமுத்துவின் சான்றிதழை ஒரு வருடம் நிறுத்திவைத்தார்கள். ‘கண்டதற்கு மாறாகக் கையெழுத்திட்டமை’ என்று காரணம் எழுதியிருந்தது. அதில் அவனுக்கு ஆட்சேபம் இல்லை. வேலையை விட்டு அனுப்பாமல், வெளிநோயாளிகளுக்குச் சீட்டு எழுதும் ஜன்னலுக்கு மாற்றினார்கள். டார்ச்சையும் சும்மா விடவில்லை. அதற்குப் புதிதாக ஒரு கேள்வி கற்றுக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு காயத்துக்கும் முன்னால், ‘நோயாளி பெல்ட் அணிந்திருந்தாரா?’ என்று கேட்டது. உள்ளங்காலில் கம்பி குத்திய கிழவியிடமும் கேட்டது. தூக்குவாளியைப் பற்றிக் கேட்கச் சொல்லிக் கொடுக்க மறந்துவிட்டார்கள்.

மூன்று மாதம் கழித்து ஒரு நாள் சீட்டு ஜன்னலில் குத்தாலிங்கம் நின்றார்.

“என்ன செய்யுது அண்ணாச்சி?” என்று பேனாவை எடுத்தான்.

“ஒண்ணும் செய்யல. அதான் பெரச்சன” என்றார். “ஊருல ஒருத்தனும் நம்பமாட்டேங்கான். முதுகுல சுட்டான்னா, எங்க காட்டுங்காங்க. சட்டையத் தூக்கினா பச்சப்புள்ள முதுகு மாதிரி இருக்கு. டீக்கடையில என்னைய வழுவழுன்னு கூப்பிடுதானுவ. கிடேரியும் கெடைக்கல.”

“கோர்ட் தீர்ப்பு இருக்கே.”

“அது நாப்பது பக்கம். எவன் படிப்பான்? நீங்க எழுதியிருந்தீயள்லா ஒரு பக்கம், அத உங்க கையால எழுதிக் குடுங்க. பருக்கை, நெசவு எல்லாம். வலது பக்கம் எனக்கு வேண்டாம்.”

வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். மாசானமுத்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மனப்பாடமாக எழுதினான். எழுதி முடித்து மூன்று பருக்கையா நாலா என்று ஒரு கணம் தயங்கினான். மூன்றுதான். குத்தாலிங்கம் தாளை வாங்கி நாலாக மடித்தார். வேட்டியின் மேல் புதிதாக ஒரு பச்சை பெல்ட் கட்டியிருந்தார். அதன் பையில் தாளை வைத்து அழுத்தி மூடினார். பை சரியாக அந்த இடத்துக்கு மேல் இருந்தது.

“வாரேன் தம்பி” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை வகுப்பில், முதல் பாடத்திலிருந்து மறுபடியும் படிக்கும் மாணவனாக, மாசானமுத்து நோட்டைத் திறந்து கோடு போட்டான். இடது பக்கத்தில் எழுதினான்: ‘குத்தாலிங்கம், வயது 44. முதுகில் தழும்பு இல்லை. வயிற்றில் தழும்பு இல்லை. பெல்ட் புதியது, பச்சை. பையில் ஒரு தாள்.’

வலது பக்கத்தில் வெகுநேரம் பேனாவை வைத்திருந்தான். கேள்விக்குறிகூட வரவில்லை. அப்படியே மூடிக் கொடுத்துவிட்டான்.

மறுநாள் நோட்டு திரும்பி வந்தது. சிவப்பு மை, தேதி, மணி, முத்திரை. ‘கருதியது எங்கே? இரண்டு மதிப்பெண் குறைவு.’ அதற்குக் கீழே, அதே சிவப்பு மையில், கொஞ்சம் சின்ன எழுத்தில்: ‘தாளில் என்ன எழுதியிருந்தது என்றும் குறிக்கவும். எந்த விவரமும் தேவைப்படலாம்.’